அறிவிப்பு வேறு, குத்தகை வேறு



தோட்டத்துப் பக்கம் 'கொந்தராக்கு' என்று ஒரு சொல் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. முன்பெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டால், காடு வெட்ட ஆள் கொண்டுவருகிறவர், செம்பனைப் பழம் ஏற்ற லோரி வைத்திருக்கிறவர் என்றுதான் நமக்கு நினைவு வரும். கொந்தராக்குக்காரர் என்றால் வெளியிலிருந்து வருகிற ஆள். இன்று அப்படியில்லை. நம் குடும்பங்களிலேயே பலர் கொந்தராக்கு எடுத்துப் பிழைக்கிறார்கள். பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துகிற அம்மா இருக்கிறார். நகராண்மைக் கழகத்துக்குப் புல் வெட்டிக் கொடுக்கிறவர் இருக்கிறார். பள்ளிக் கட்டடத்துக்குச் சாயம் அடிக்கிறவர், கால்வாய் செப்பனிடுகிறவர், பிள்ளைகளை வேனில் ஏற்றிச் செல்கிறவர் என்று எத்தனையோ பேர். ஏட்டு வழக்கில் இதைக் குத்தகை என்கிறோம்.

அரசாங்கக் குத்தகை என்றால் எல்லாருக்கும் ஒரு மதிப்பு உண்டு. பணம் சற்றுத் தாமதமானாலும் வந்து சேரும் என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம். அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரியானதே. ஆனால் வரப்போகிறது என்று சொல்லப்பட்ட குத்தகை வராமலே போய்விட்டால் என்ன செய்வது? அதை நம்பி நகையை அடகு வைத்தவரும், சேமநிதிப் பணத்தை எடுத்தவரும் என்ன ஆவார்கள்? இதைத்தான் இன்று பேசப்போகிறோம்.

நம் பள்ளிகளோடு தொடர்புடைய ஒரு செய்தியிலிருந்து தொடங்குவோம். 2019ஆம் ஆண்டில், நாட்டிலுள்ள தொடக்கப்பள்ளி மாணவர் அனைவருக்கும் 2020 ஜனவரி முதல் இலவசக் காலை உணவு வழங்கப்படும் என்று கல்வியமைச்சு அறிவித்தது. ஏறத்தாழ 27 இலட்சம் பிள்ளைகள். பசியோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வாய்ப்பாடு ஏறாது என்பது பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிற எங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே அந்த அறிவிப்பு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் 2020 ஜனவரி தொடக்கத்தில் கல்வியமைச்சர் மஸ்லி மாலிக் பதவி விலகினார். அதற்குப் பிறகு சில வாரங்களிலேயே, எல்லாப் பிள்ளைகளுக்கும் என்ற திட்டம் கைவிடப்பட்டு, வசதி குறைந்த பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வழங்கப்பட்டு வந்த துணை உணவுத் திட்டமே தொடரும் என்று முடிவாயிற்று. ஆர்.எம்.டி. என்று நாம் சொல்கிற அந்தத் திட்டம் 1979இல் தொடங்கியது. அது நின்றுவிடவில்லை. பெரிதாகும் என்று சொல்லப்பட்டது பெரிதாகவில்லை, அவ்வளவுதான்.

இதில் அரசாங்கம் செய்தது சரியா, தவறா என்ற விவாதத்துக்கு நான் போகவில்லை. செலவு பெரிது என்றார்கள் ஒரு சாரார். பிள்ளைகளின் வயிறு அதைவிடப் பெரிது என்றார்கள் மறு சாரார். நமக்கு வேண்டியது வேறு. சிற்றுண்டிச்சாலையில் அடுப்புக்கு முன்னால் நிற்கிற அந்த அம்மாவின் கணக்கு என்ன ஆயிற்று என்பதே நம் கேள்வி.

ஒரு பள்ளியைக் கற்பனை செய்துகொள்வோம். 180 பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களில் 40 பேருக்குத் துணை உணவு. கணக்குக்காக ஒரு தட்டுக்கு அரசாங்கம் 2 வெள்ளி 50 காசு கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். அரிசி, கோழி, முட்டை, எரிவாயு, உதவிக்கு நிற்கும் பெண்ணின் சம்பளம் எல்லாம் போகத் தட்டுக்கு 50 காசு மிஞ்சுகிறது. அப்படியானால் 40 தட்டுக்கு ஒரு நாளைக்கு 20 வெள்ளி. எல்லாப் பிள்ளைகளுக்கும் உணவு என்று அறிவிப்பு வருகிறது. அந்த அக்கா மனத்திலேயே பெருக்கிப் பார்க்கிறார். 180 தட்டு, நாளுக்கு 90 வெள்ளி.

பெருக்கலில் பிழையில்லை. அதை நம்பி அவர் என்ன செய்கிறார் பாருங்கள். பெரிய குளிர்பதனப் பெட்டி ஒன்று 2,800 வெள்ளிக்கு வாங்குகிறார். பெரிய அடுப்பும் ஆவியில் வேகவைக்கும் பாத்திரமும் 1,700 வெள்ளி. தட்டு, கரண்டி, குவளை 900 வெள்ளி. சாமான் ஏற்றிவர ஒரு பழைய வேனுக்கு முன்பணம் 3,600 வெள்ளி. ஆக 9,000 வெள்ளி. போதாததற்கு வேனுக்கு மாதத் தவணை 350 வெள்ளி. முதல் எங்கிருந்து வந்தது? தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற கணவருடைய சேமநிதியிலிருந்து பாதி, அடகுக்கடையில் வைத்த நகையிலிருந்து பாதி.

திட்டம் நடந்திருந்தால், நாளுக்கு 90 வெள்ளி வீதம் 100 பள்ளி நாளில் அந்த 9,000 திரும்பியிருக்கும். திட்டம் நடக்காததால், நாளுக்கு 20 வெள்ளி வீதம் 450 பள்ளி நாள் வேண்டும். ஆண்டுக்கு ஏறத்தாழ 190 பள்ளி நாள்தான். ஆகவே இரண்டு ஆண்டுக்கும் மேல் ஆகும். அதற்குள் சிற்றுண்டிச்சாலைக் குத்தகையே முடிந்துவிடலாம். வேன் தவணையை எண்ணிப் பாருங்கள். மாதத்துக்கு 19 பள்ளி நாள் என்றால் துணை உணவில் கிடைப்பது 380 வெள்ளி. அதில் 350 வெள்ளியை வேன் தின்றுவிடுகிறது. அக்கா காலை நான்கு மணிக்கு எழுந்து சமைப்பது குடும்பத்துக்கா, வேனுக்கா?

நேயர்களே, இந்தக் கணக்கை உங்கள் வீட்டில் ஐந்தாம் ஆண்டு படிக்கிற பிள்ளையைக் கொண்டு போட்டுப் பாருங்கள். பிள்ளை போட்டுவிடும். கடினமானது கணக்கு அன்று. வேலை கைக்கு வராமலே வந்துவிட்டது என்று எண்ணிக்கொள்ளும் மனத்தை அடக்குவதுதான் கடினம்.

நம் வீடுகளில் கல்யாணம் எப்படி நடக்கிறது? முதலில் யாரோ ஒருவர், "உங்கள் பெண் எங்கள் வீட்டுக்குப் பொருத்தம்" என்று வாய்மொழியாகச் சொல்கிறார். பிறகு பெண் பார்க்க வருகிறார்கள். பிறகு பரிசம் போடுகிறார்கள். அதன் பிறகுதான் தாலி. வாய்மொழியாகச் சொன்ன அன்றே யாரும் மண்டபத்துக்குப் பணம் கட்டுவதில்லை. அரசாங்கக் குத்தகையும் அப்படித்தான் படிப்படியாக வருகிறது. அமைச்சர் மேடையில் சொல்வது முதல் படி. அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். அமைச்சிலிருந்து மாநிலக் கல்வி இலாகாவுக்கும், மாவட்டக் கல்வி இலாகாவுக்கும், அங்கிருந்து பள்ளிக்கும் சுற்றறிக்கை வரவேண்டும். பிறகு டெண்டர் அல்லது விலைக் கேட்பு நடக்கும். உங்களைத் தேர்ந்தெடுத்தால் 'சூராட் செத்துஜு தெரிமா' என்ற ஏற்புக் கடிதம் வரும். சிறிய வேலையாக இருந்தால் எல்.ஓ. என்று நாம் சொல்கிற அரசாங்கக் கொள்முதல் ஆணை வரும். கடிதமோ ஆணையோ கையில் இல்லாதவரை பரிசம் போடவில்லை என்று பொருள்.

சிலர், "அந்த அதிகாரியே என்னிடம் நேரில் சொன்னாரே" என்பார்கள். அவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் 1949ஆம் ஆண்டு அரசாங்கக் குத்தகைச் சட்டம் என்று பழைய சட்டம் ஒன்று இருக்கிறது. அரசாங்கத்தின் பெயரில் எழுதப்படும் குத்தகையில் கையெழுத்திடும் அதிகாரம் அமைச்சருக்கும், அவர் எழுத்துமூலம் அதிகாரம் கொடுத்த அதிகாரிக்கும் உரியது என்று அது சொல்கிறது. சிற்றுண்டிச்சாலை வாசலில் நின்று தேநீர் குடித்துக்கொண்டே ஒருவர் சொன்ன சொல் குத்தகை ஆகாது. தலைமையாசிரியர் சொன்னாலும் ஆகாது. அவருக்கும் செய்தித்தாளில் வந்ததுதான் தெரிந்திருக்கும்.

எனவே, முன்கூட்டியே ஆயத்தம் செய்யவே கூடாதா என்று கேட்பீர்கள். செய்யலாம். பணம் போடாமல் செய்கிற ஆயத்தம் நிறைய இருக்கிறது. கடைகளில் விலை விசாரித்துத் தாளில் எழுதி வைக்கலாம். உணவு கையாளுவோர் பயிற்சிக்குப் போய் வரலாம். டைபாய்டு தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். இவ்விரண்டையும் 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள் எப்படியும் கேட்கின்றன. குத்தகை வராவிட்டாலும் இவை வீணாகா. பாத்திரத்தை வாங்குவதற்குப் பதில் முதல் மாதத்துக்கு வாடகைக்கு எடுக்க இடம் பார்த்து வைக்கலாம். வேன் மட்டும் ஏற்புக் கடிதம் வந்த பிறகுதான்.

சரி, வாங்கியாகிவிட்டது, திட்டமும் நின்றுவிட்டது. இனி என்ன செய்வது? இந்த இடத்தில்தான் சற்று நிதானமாகப் பேச வேண்டும்.

முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை, வாங்கிய பொருள்களை எதிரில் வைத்துப் பிரிப்பதுதான். எது வேறு வேலைக்கு உதவும், எதைக் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார், எதை விற்றாக வேண்டும் என்று பாருங்கள். நம் அக்காவின் தட்டுகள் பெட்டி பிரிக்காமல் இருந்தால் கடைக்காரரிடம் உடனே போய்க் கேட்கலாம். முழுப் பணம் தராவிட்டாலும் வேறு சாமானாக மாற்றித் தரக்கூடும். ஒரு மாதம் கழித்துப் போனால் முகம் கொடுத்துப் பேசமாட்டார். அவர் எடுத்துக்கொள்ளாவிட்டால், 180 தட்டும் குவளையும் கோயில் திருவிழாவுக்கும் பிறந்தநாள் விருந்துக்கும் வாடகைக்குப் போகும். ஆவிப் பாத்திரம் இட்டிலிக்கும் கொழுக்கட்டைக்கும் உதவும். குளிர்பதனப் பெட்டியை வைத்துக்கொள்ளலாம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

வேனைப் பற்றித்தான் முதலில் முடிவெடுக்க வேண்டும். ஏனென்றால் மற்றவை சும்மா நின்றால் தூசிதான் படியும். வேன் சும்மா நின்றாலும் மாதம் 350 வெள்ளி கேட்கும். அதை ஓட்டி மாதம் 350 வெள்ளிக்கு மேல் சம்பாதிக்க வழியுண்டா என்று உண்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பக்கத்துத் தொழிற்சாலைக்கு இரவு வேலைக்காரர்களின் சாப்பாடு கொண்டுபோக முடியுமா? சந்தைக்குக் காய்கறி ஏற்றுகிறவரோடு பாதி நாள் பகிர்ந்துகொள்ள முடியுமா? முடியாது என்றால், கடன் கொடுத்தவரிடம் பேசி, தவணையை ஏற்றுக்கொள்ளும் வேறு ஆளுக்கு முறைப்படி மாற்றிவிடுவதே நல்லது. முறைப்படி என்று அழுத்திச் சொல்கிறேன். பெயர் மாற்றாமல் சாவியை மட்டும் கொடுத்துவிட்டால், அவர் தவணை கட்டாத நாளில் வங்கி உங்கள் கதவைத்தான் தட்டும்.

கணவர், "இருக்கட்டும், அடுத்த ஆண்டு திட்டம் வந்துவிடும்" என்பார். பெரியவர்கள் அப்படிச் சொல்வது இயல்பு. வாங்கிய பொருளை விற்பது தோல்வியை ஒத்துக்கொள்வது போல இருக்கிறது. ஆனால் பழைய சாமானின் விலை மாதாமாதம் இறங்கும். காத்திருப்பதற்கும் ஒரு செலவு உண்டு; அது சிட்டையில் தெரிவதில்லை.

அடுத்து, வாடிக்கையாளரைத் தேடுவது. நாளுக்கு 90 வெள்ளி எதிர்பார்த்த இடத்தில் 20 வெள்ளிதான் வருகிறது. குறைவது 70 வெள்ளி. இந்த 70 வெள்ளியையும் ஒரே இடத்தில் தேட வேண்டாம். குளிர்பதனப் பெட்டி இருக்கிறதல்லவா? உறைய வைத்த கறிபாப் ஒரு பொட்டலத்தில் பத்து, விலை 6 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மாவு, உருளைக்கிழங்கு, எண்ணெய், பொட்டலத் தாள் எல்லாம் 3 வெள்ளி 60 காசு. மிச்சம் 2 வெள்ளி 40 காசு. நாளுக்கு 15 பொட்டலம் விற்றால் 36 வெள்ளி. இழந்ததில் பாதிக்குச் சற்று மேல் திரும்பிவிட்டது. ஆனால் 150 கறிபாப்புக்கு ஓரம் மடிக்கிற கைக்கும் கூலி உண்டு. மகளை உட்கார வைத்துச் செய்தால் அவளுடைய நேரத்தையும் கணக்கில் சேருங்கள். நம் பெண்கள் தங்கள் உழைப்பை விலையில் சேர்ப்பதே இல்லை. அதனாலேயே நன்றாக விற்றும் கையில் காசு நிற்பதில்லை.

மீதியை ஆசிரியர்களின் மதிய உணவு, பாலர் பள்ளிக்குப் பலகாரம், தாமானில் நடக்கும் கருமாதி, காது குத்து, கோயில் அன்னதானம் ஆகியவற்றில் தேடலாம். விசேஷச் சாப்பாட்டுக்குப் பாதிப் பணம் முன்கூட்டியே வாங்குங்கள். வாங்கத் தயங்குகிறோம், தெரிந்தவர்கள் என்று. அரசாங்கம் ஒரு திட்டத்தை நிறுத்துவது போலவே, தெரிந்தவரும் ஒரு விசேஷத்தைத் தள்ளிவைப்பார். வாங்கிய கோழி என்னவோ தள்ளிவைக்க முடியாதது. கடன் சொல்லி வாங்குகிறவர்களையும் ஓர் அளவோடு நிறுத்துங்கள்.

ஒரே வாடிக்கையாளரை நம்பியிருப்பது எப்படிப்பட்டது என்பதை 2020ஆம் ஆண்டே இரண்டாம் முறையும் காட்டியது. காலை உணவுத் திட்டம் சுருங்கிச் சில வாரங்களே ஆகியிருந்தன. மார்ச் 18ஆம் தேதி முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பள்ளிகள் மாதக்கணக்கில் மூடப்பட்டன. இப்போது அந்த 20 வெள்ளியும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளை மட்டுமே நம்பியிருந்த சிற்றுண்டிச்சாலைகள் அடியோடு நின்றன. வெளியிலும் ஆள் பிடித்து வைத்திருந்தவர்கள் கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பி, உறைய வைத்த பலகாரம் விற்றுக் காலம் தள்ளினார்கள்.

இது தோட்டத்து மக்களுக்குப் புதிய பாடமில்லை. பால் வெட்டிய காலத்தில் கித்தா விலை இறங்கினாலும், மழை பிடித்து வேலை நின்றாலும் சம்பளம் குறையும். அதனால்தான் நம் பாட்டிமார் லயத்துக்குப் பின்னால் பசு வளர்த்தார்கள், ஆடு வளர்த்தார்கள், கீரை போட்டார்கள். பால் மரம் ஒரு வருமானம், பசும்பால் ஒரு வருமானம். அரசாங்கக் குத்தகை எடுக்கிறவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல் ஒரே இடத்திலிருந்து வந்தால், பசு இல்லாத வீடு என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கடனைப் பற்றி ஒரு சொல். தவணை தவறிய பிறகு வங்கியிடம் ஓடுவதைவிட, தவறப்போகிறது என்று தெரிந்த அன்றே போவது மேல். திட்டம் நின்றதற்கான செய்தி, உங்கள் வருமானக் கணக்கு இரண்டையும் எடுத்துப்போய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரக் கேளுங்கள். டெக்குன் போன்ற இடத்தில் வாங்கியிருந்தாலும் இதே வழிதான். எப்படிப் பேசுவது என்று தெரியாவிட்டால், பேங்க் நெகாரா 2006இல் அமைத்த ஏ.கே.பி.கே. என்னும் கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது. ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. இதை விட்டுவிட்டு ஆ லோங்கிடம் போகிறவர்களைப் பார்க்கிறோம். ஒரு தவணையைக் கட்ட அங்கே வாங்கிய பணம் மூன்று மாதத்தில் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயமாக வந்து நிற்கும். தனியாள் வாணிபமாக நீங்கள் பதிவு செய்திருந்தால், கடைக் கடனும் வீட்டுக் கடனும் சட்டத்தின் முன் ஒன்றுதான் என்பதையும் மறக்க வேண்டாம். கையில் இருக்கிற சொற்பப் பணத்தில் முதலில் உதவிக்கு நின்ற பெண்ணின் சம்பளத்தைக் கொடுங்கள். அவளுக்கு ஏ.கே.பி.கே.யும் இல்லை, வங்கியும் இல்லை.

இனி, கட்டட வேலை எடுக்கிற நம் தம்பிமார்களுக்குச் சில வார்த்தைகள். கட்டுமானக் குத்தகையாளர்களை ஜி1 முதல் ஜி7 வரை ஏழு படியாகப் பதிவு செய்கிறார்கள். நம்மில் பலர் ஜி1, அல்லது அதுவும் இல்லாமல் பெரிய குத்தகையாளருக்குக் கீழே உள்குத்தகை. அரசாங்கக் கட்டுமானக் குத்தகைப் பத்திரங்களில், தேசிய நலனை முன்னிட்டு அரசாங்கம் முன்னறிவிப்புக் கொடுத்து வேலையை முடித்துக்கொள்ளலாம் என்ற விதியும் உண்டு. அப்படி நிறுத்தினால், அதுவரை செய்த வேலைக்குப் பெரியவருக்குப் பணம் உண்டு. கீழே இருக்கிற தம்பி போய்க் கேட்டால், "எனக்கு வந்த பிறகு உனக்குத் தருகிறேன்" என்பார்.

அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. கட்டுமானத் தொழிலில் பணம் செலுத்துவது பற்றிய 2012ஆம் ஆண்டுச் சட்டம் 2014 ஏப்ரல் 15 முதல் நடப்பில் இருக்கிறது. 'எனக்குக் கிடைத்தால்தான் உனக்கு' என்ற நிபந்தனையை அது செல்லாததாக்கிவிட்டது. செய்த வேலைக்குப் பணம் வராவிட்டால் எழுத்துமூலம் கேட்டு, நடுவர் ஒருவரிடம் விரைவில் தீர்ப்பும் பெறலாம். ஆனால் அந்தச் சட்டம் எழுத்துமூலமான குத்தகைக்குத்தான் துணை நிற்கும். "மாமன் மச்சான்தானே, எழுதுவானேன்" என்று வாய்ப்பேச்சில் சாயம் அடித்தவருக்கு அது உதவாது. தொகை மிகச் சிறியதென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்காக, வழக்கறிஞர் இல்லாமலே போடலாம்.

பெரிய இடத்துக் கதை ஒன்றையும் கேளுங்கள். கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அதிவேக இரயில் என்று 2013 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 350 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரப் பயணம். சிரம்பானுக்கான நிலையம் லாபுவில், மூவாருக்குப் பாகோவில், பத்து பஹாட்டுக்குப் புரா கெஞ்சானாவில் என்று திட்டம். எல்லாம் ஒரு காலத்தில் கித்தாவும் செம்பனையும் சூழ்ந்த ஊர்கள். 2016 டிசம்பரில் இரு அரசாங்கங்களும் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 2018இல் நம் நாட்டில் ஆட்சி மாறியது. செலவைக் கருதி அதே ஆண்டு செப்டம்பரில் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். பிறகு ஒருமுறை தவணை நீட்டினார்கள். 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு உடன்பாடு முடிந்தது.

இப்படித் தாலி கட்டும் வரை போனதுகூட நின்றுவிடக்கூடும் என்பது ஒரு செய்தி. அதைவிட முக்கியமான செய்தி பின்னால் இருக்கிறது. சிங்கப்பூர் செய்திருந்த செலவுக்காக மலேசியா 2021இல் 10 கோடியே 28 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி இழப்பீடு கொடுத்தது. நம் வெள்ளியில் சுமார் 32 கோடி. ஏன் கொடுத்தது? உடன்பாட்டில் அப்படி எழுதியிருந்தது. நிலையம் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, வேலையாள்களுக்கு வாடகை விடலாம் என்று கடன் வாங்கி நான்கு அறை கட்டும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கு யார் இழப்பீடு கொடுப்பார்கள்? அவரிடம் இருப்பது செய்தித்தாள் நறுக்கு மட்டுந்தான். அவர் செய்யக்கூடியது, அந்த அறைகளை அக்கம்பக்கத்துத் தொழிற்சாலை ஆள்களுக்கோ ஆசிரியர்களுக்கோ குறைந்த வாடகைக்காவது விட்டுவிடுவதுதான்.

நின்ற திட்டம் மீண்டும் வருவதே இல்லையா? வருவதுண்டு. கிழக்குக்கரை இரயில் திட்டம் 2018 ஜூலையில் நிறுத்தப்பட்டு, 2019 ஏப்ரலில் மறுபடியும் தொடங்க உடன்பாடு கண்டது. ஆனால் 6,550 கோடி வெள்ளி என்றிருந்த செலவு 4,400 கோடியாகக் குறைந்திருந்தது, பாதையும் மாறியிருந்தது. பழைய பாதையோரத்தில் கடை போட்டுக் காத்திருப்பவருக்கு அதனால் என்ன பயன்? அதிவேக இரயிலுக்கும் 2023இல் தனியாரிடமிருந்து மறுபடி கருத்துருக்கள் கேட்டார்கள். கேட்கட்டும். அந்த அறைகளில் அதுவரை யாராவது குடியிருக்க வேண்டும். அந்தக் குளிர்பதனப் பெட்டியில் அதுவரை கறிபாப்பு இருக்க வேண்டும். நாளைக்குக் காலை உணவுத் திட்டம் மறுபடி வந்தால், பெட்டியும் பழகிய கையும் ஆயத்தமாகவே இருக்கும்.

முடிப்பதற்கு முன், தாள்களைப் பற்றி. அரசாங்கத்தோடு சிறிய வேலை செய்கிறவர்கள்கூடத் தனியாக ஒரு கோப்பு வைத்திருங்கள். டெண்டர் விளம்பரம், நீங்கள் கொடுத்த விலைத்தாள், ஏற்புக் கடிதம், எல்.ஓ., செய்த வேலையின் படங்கள், தேதியோடு கையெழுத்து வாங்கிய வேலைச் சிட்டை, சாமான் வாங்கிய இரசீது எல்லாம் அதில் இருக்கட்டும். எழுதப்படிக்கச் சிரமமானால் பிள்ளையிடம் சொல்லித் தேதிவாரியாக அடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு இது நன்றாக வரும். இன்னொன்று, கடையில் இயந்திரம் துப்புகிற அந்த வழுவழுப்பான இரசீதுகளின் எழுத்து சில மாதத்தில் மங்கி, வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். வாங்கிய வாரத்திலேயே படி எடுத்து, மூலத்தோடு சேர்த்துக் கோத்து வையுங்கள்.